எட்டு வைத்த தூரமும் எட்டிய இடமும்



இறம்பொடையில் ஒருநாள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து முடித்து, கிதாபை மூடும் நேரம். ஒரு தாயும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“ஹஸ்ரத், மாசா மாசம் கண்டிக்குக் கிளினிக் போறேன். விடியக் காலையில பஸ் ஏறினா வீடு திரும்ப அஸர் ஆகிடும். இங்கயிருந்து கண்டி ஐம்பது கிலோமீற்றர் வரும். போக வர நூறு. அதனால அங்க லுஹரைக் கஸ்ரா ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வாறேன். சரிதானே?”

நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். “உம்மா, போக வரக் கூட்டினா தூரந்தான் நூறு. இடப்பெயர்ச்சி பூச்சியம். நேத்துத்தான் டீச்சர் படிச்சுத் தந்தாங்க.”

தாய் சிரித்துவிட்டார். “அப்ப நாள் முழுக்க நான் ஓடுற ஓட்டமெல்லாம் பூச்சியந்தானா மகள்?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.

தொழுகை பற்றிய முதற் கேள்விக்கு அப்போதே விடை சொல்லிவிட்டேன். அதைக் கீழே எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் அன்று ஒழுங்கான விடை இல்லை. அந்தப் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை இரண்டு நாட்களுக்கு இரவல் வாங்கிப் படித்தேன். ‘மஸாஃபத்’ என்றால் தூரம் என்பதை அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதியிருக்கிறேன். அரபு நாட்டுப் பிள்ளைகள் பௌதிகவியல் பாடத்தில் இடப்பெயர்ச்சியை ‘இஸாஹத்’ என்று படிக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. தெரிந்துகொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்த மாதக் கட்டுரை.

புத்தகம் சொல்வது என்ன?

ஒருவர் புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் வரை, உண்மையாகக் கடந்து வந்த பாதையின் முழு நீளமே தூரம். வளைந்தாலும் திரும்பினாலும் ஒவ்வொரு எட்டும் அதில் சேரும். தூரம் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. பஸ்ஸிலும் வேனிலும் ஓடிய கிலோமீற்றரைக் காட்டும் மானியைப் பாருங்கள். வண்டி வந்த வழியே திரும்பினாலும் அந்த எண் பின்னோக்கிப் போவதில்லை.

இடப்பெயர்ச்சி அப்படியல்ல. புறப்பட்ட இடத்தையும் முடிவில் சேர்ந்த இடத்தையும் மட்டுமே அது பார்க்கும். இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டு அதன் நீளத்தை அளக்கும். எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துச் சொல்லும். திசை சொல்லாவிட்டால் இடப்பெயர்ச்சி முழுமையாவதில்லை. இப்படித் திசையும் சேர்ந்த அளவை நமது இலங்கைப் பாடநூல்கள் ‘காவிக் கணியம்’ என்கின்றன. அளவு மட்டும் போதுமான தூரத்தை ‘எண்ணிக் கணியம்’ என்கின்றன.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் இருந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் கிழக்கே 300 மீற்றர் நடக்கிறார். அங்கிருந்து வடக்கே திரும்பி 400 மீற்றர் நடக்கிறார். தூரம் எவ்வளவு? 700 மீற்றர். இடப்பெயர்ச்சி எவ்வளவு? இரண்டு பாதைகளும் செங்கோணத்தில் சந்திப்பதால் பைதகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்த வேண்டும். 300ஐ 300ஆல் பெருக்க 90,000. 400ஐ 400ஆல் பெருக்க 1,60,000. இரண்டையும் கூட்ட 2,50,000. அதன் வர்க்கமூலம் 500. ஆகவே இடப்பெயர்ச்சி வடகிழக்குப் பக்கமாக 500 மீற்றர். அந்த 500 மீற்றர் கோட்டில் அவர் ஒரு எட்டுக்கூட வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வந்த வழியே வீடு திரும்பினால் தூரம் 1,400 மீற்றர். இடப்பெயர்ச்சி பூச்சியம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. தூரம் எப்போதும் இடப்பெயர்ச்சிக்குச் சமமாக இருக்கும், அல்லது அதைவிடக் கூடுதலாக இருக்கும். குறைவாக இருக்கவே முடியாது. திரும்பாமல், வளையாமல் ஒரே நேர்கோட்டில் சென்றால் மட்டுமே இரண்டும் சமம்.

எங்கள் மலைப்பாதையில்

நேர்கோடு என்பது எங்கள் மலைநாட்டில் அருமையாகக் கிடைக்கும் பொருள். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதை சுமார் 77 கிலோமீற்றர். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து இரண்டு ஊர்களையும் நேராக இணைத்துப் பார்த்தால் சுமார் 41 கிலோமீற்றர்தான். தூரம் 77. இடப்பெயர்ச்சி 41, தெற்கே சற்றுக் கிழக்காக.

பஸ் மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 26 கிலோமீற்றர். இது சராசரிக் கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 14 கிலோமீற்றர். இது சராசரி வேகம். (தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் முன்னதை வேகம் என்றும் பின்னதைத் திசைவேகம் என்றும் சொல்வார்கள். சொல் மாறினாலும் பொருள் ஒன்றுதான்.)

பாதையை ஏன் இப்படி வளைத்து வளைத்து அமைத்தார்கள்? கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தை எப்படியும் ஏறித்தான் ஆக வேண்டும். நேராக ஏறினால் சரிவு செங்குத்தாகிவிடும். பஸ்ஸின் எஞ்சினும் தாங்காது, பிரேக்கும் தாங்காது. அதனால் தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் வந்ததுதான்.

இறம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீற்றர். மேலிருந்து விழும் நீருக்கு வளைந்து போகும் தேவையில்லை. அதன் தூரமும் இடப்பெயர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றே. அதே 109 மீற்றரை, 20 மீற்றருக்கு 1 மீற்றர் வீதம் உயரும் ஒரு பாதையில் ஏறினால் 2,180 மீற்றர், அதாவது இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். இறங்குவதற்கு நேர்வழி இருக்கிறது. ஏறுவதற்குச் சுற்றுவழிதான் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் அழகான உதாரணம் பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. கொழும்புக்கும் பதுளைக்கும் நேர்கோட்டில் சுமார் 133 கிலோமீற்றர். ரயில் ஓடுவதோ சுமார் 290 கிலோமீற்றர். 1924இல் பதுளை வரை வந்த இந்தப் பாதையில் எல்லைக்கு அப்பால் தெமோதரை என்ற நிலையம் இருக்கிறது. பதுளைக்குப் போகும் ரயில் அந்த நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுமார் ஒரு கிலோமீற்றர் வட்டமாகச் சுற்றி இறங்கி, ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். அந்தச் சுரங்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? சற்று முன்பு ரயில் நின்ற அதே நிலையத்துக்கு நேர் கீழே! ஒரு கிலோமீற்றர் ஓடிய பிறகு பயணிகள் இருப்பது புறப்பட்ட மேடைக்குச் சில பத்து மீற்றர் கீழேதான்.

இந்த வட்டப் பாதையை அமைத்த கதையும் மலைநாட்டில் சொல்லப்படுவதுண்டு. செங்குத்தான இறக்கத்தில் பாதையை எப்படிப் போடுவது என்று எஞ்சினியர் தவித்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்ததும் எஞ்சினியருக்கு வழி பிடிபட்டதாம். கதை எவ்வளவு உண்மையோ அல்லாஹ்வே அறிவான். கணக்கு மட்டும் உண்மை. அந்த வட்டத்தை வீண் என்று எடுத்துவிட்டால் ரயில் பதுளை போய்ச் சேராது.

கஸ்ருக்கு எந்த அளவு?

இனி அந்தத் தாயின் முதற் கேள்விக்கு வருவோம். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குரிய அளவை ஷரீஅத் எப்படிக் கணக்கிடுகிறது? தூரமா, இடப்பெயர்ச்சியா? போகவும் வரவும் சேர்த்தா, போவது மட்டுமா?

நமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி சொல்கிறேன். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்ற நூலில் நீண்ட பயணத்துக்குரிய அளவு 48 ஹாஷிமி மைல் என்று வருகிறது. இன்றைய அளவில் இது சுமார் 80 முதல் 90 கிலோமீற்றர் வரை என்று பலரும் கணக்கிடுகிறார்கள். இதற்குக் கூடுதலாகக் கணக்கிடும் ஆலிம்களும் உண்டு. தூரத்தை எண்ணால் அளக்காமல், வழக்கத்தில் பயணம் என்று சொல்லப்படுவதை வைத்தே சட்டம் சொன்ன அறிஞர்களும் உண்டு.

இந்த அளவு பறவை பறக்கும் நேர்கோட்டுக்கு உரியதல்ல. மனிதர் செல்லும் பாதைக்கு உரியது. அதாவது ஷரீஅத் இங்கே எடுத்துக்கொள்வது தூரத்தையே. கண்டியிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குப் போகும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். நேர்கோட்டில் 60 கிலோமீற்றர்கூட வராது. பாதையிலோ சுமார் 130 கிலோமீற்றர். அவர் கஸ்ருடைய பயணிதான். பாதையின் கஷ்டத்தை அனுபவிப்பவர் மனிதர். சலுகையும் அந்தக் கஷ்டத்தைப் பார்த்தே கிடைக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் அந்தத் தூரம் போகும் வழிக்கு மட்டுமே. திரும்பி வரும் தூரத்தை அதனுடன் கூட்டக்கூடாது. இறம்பொடையிலிருந்து கண்டி 50 கிலோமீற்றர் என்றால் அது 50தான். போக வர 100 என்று கூட்டிக் கஸ்ர் செய்ய முடியாது. இதைத்தான் அந்தத் தாய்க்குச் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “பதினொரு மாசமாப் போறேனே ஹஸ்ரத்?” என்றார். அறியாமல் செய்ததை அல்லாஹ் மன்னிப்பவன். ஆனாலும் அந்தப் பதினொரு லுஹர்களும் கடனாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் முழுமையாக நான்கு ரக்அத்துகளாகக் களாச் செய்ய வேண்டும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பதினொரு நாளில் முடிந்துவிடும். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வரும் சகோதரிகள் இன்னும் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். தத்தம் ஊர் ஆலிமிடம் பயணத்தின் விபரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘மின்ஹாஜில்’ இன்னும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. முன்பு ஓதியபோது அவற்றைச் சாதாரணமாகக் கடந்து வந்திருந்தேன். இப்போது அந்த விஞ்ஞானப் புத்தகத்தைப் படித்த பிறகு அவற்றின் நுட்பம் நன்றாகப் புரிகிறது.

முதலாவது, ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று குறுகியது, கஸ்ருடைய அளவு வராது. மற்றது நீண்டது, அளவு வரும். ஒருவர் நீண்ட வழியில் போகிறார். அந்த வழி இலகுவானது, ஆபத்தில்லாதது என்பது போன்ற ஒரு நோக்கம் இருந்தால் அவர் கஸ்ர் செய்யலாம். கஸ்ர் செய்வதற்காகவே சுற்றிப் போனால் செய்யக்கூடாது என்பதே வலுவான கருத்து. இடப்பெயர்ச்சி இரண்டு வழிகளிலும் ஒன்றுதான். தூரத்துக்கு மதிப்புக் கொடுப்பது அதன் பின்னால் இருக்கும் நோக்கம்.

இரண்டாவது, போகுமிடம் இன்னதென்று இல்லாமல் அலைந்து திரிபவருக்குக் கஸ்ர் இல்லை. அவர் எவ்வளவு தூரம் அலைந்தாலும் இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

பாதுகாப்புக்காக நீண்ட வழியில் செல்வதற்கு நமக்கு மிகப் பெரிய முன்மாதிரி ஹிஜ்ரத். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் முதலில் சென்றது மக்காவுக்குத் தெற்கே இருக்கும் தவ்ர் குகைக்கு. போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த் திசை! வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பின்னடைவாகத் தெரியும். ஆனால் மதீனாவைச் சேர்வதற்கு அந்த எட்டுகளும் தேவைப்பட்டன.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டம்

இனி இரண்டாவது கேள்வி. ‘நாள் முழுக்க ஓடுற ஓட்டமெல்லாம் பூச்சியந்தானா?’

பாலைவனத்தில் பச்சிளம் பாலகருடன் தனித்திருந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். தோல்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தை தாகத்தால் துடிக்கிறது. பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் அருகிலிருந்த ஸஃபா குன்றில் ஏறுகிறார்கள். யாராவது தெரிகிறார்களா என்று பார்க்கிறார்கள். யாருமில்லை. இறங்கிப் பள்ளத்தாக்கில் ஓடி மர்வாவில் ஏறுகிறார்கள். அங்கும் யாருமில்லை. இப்படி ஏழு தடவைகள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இந்த வரலாறு ஸஹீஹுல் புகாரியில் விரிவாக வருகிறது.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏறக்குறைய 400 மீற்றர் என்று கொள்வோம். ஏழு தடவைக்கு மூன்று கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஸஃபாவில் தொடங்கி ஏழாவதில் மர்வாவில் முடிவதால் இடப்பெயர்ச்சி 400 மீற்றர். ஆறோடு நின்றிருந்தால் ஸஃபாவிலேயே நின்றிருப்பார்கள். அப்போது இடப்பெயர்ச்சி பூச்சியம்.

கணக்கு இதோடு முடியவில்லை. அன்னையவர்கள் உண்மையில் புறப்பட்டது ஸஃபாவிலிருந்து அல்ல, குழந்தையின் பக்கத்திலிருந்து. ஏழாவது தடவை மர்வாவில் நின்றபோது ஒரு சத்தம் கேட்டது. ஸம்ஸம் இருக்கும் இடத்தில் மலக்கைக் கண்டார்கள். தண்ணீர் பொங்கியது ஸஃபாவிலும் அல்ல, மர்வாவிலும் அல்ல. குழந்தையை விட்டுப் போன அந்த இடத்தருகில்தான். ஆகவே குழந்தையிடமிருந்து புறப்பட்டுக் குழந்தையிடமே திரும்பிய அந்தத் தாயின் மொத்த இடப்பெயர்ச்சி பூச்சியம்.

சகோதரிகளே, அந்த ஓட்டத்தை அல்லாஹ் பூச்சியம் என்று விட்டுவிட்டானா? ஸஃபாவும் மர்வாவும் தன் அடையாளங்களில் உள்ளவை என்று சூரத்துல் பகராவில் சொல்லிக் காட்டினான். அன்றிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஒவ்வொருவரும், அரசராயினும் ஆலிமாயினும், ஒரு தாய் ஓடிய அந்தத் தூரத்தை நடந்தேயாக வேண்டும். கஃபாவைச் சுற்றும் தவாஃபும் அப்படித்தான். ஹஜருல் அஸ்வத் கல்லுக்கு நேரே தொடங்கி ஏழு சுற்றுச் சுற்றி அதே கல்லுக்கு நேரே முடிகிறது. இடப்பெயர்ச்சி பூச்சியம். ஆனால் சுற்றாமல் அங்கேயே நின்றவரும் சுற்றி வந்தவரும் சமமாவார்களா?

மதீனாவில் பனூ ஸலிமா என்ற கோத்திரத்தார் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். வீடுகளைப் பள்ளிக்கு அருகே மாற்றிக்கொள்ள விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் எடுத்து வைக்கும் எட்டுகள் கணக்கில் சேர்வதை நினைவூட்டினார்கள். பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்புவதும் நபி (ஸல்) அவர்களின் வழக்கம். எந்த வழியில் திரும்பினாலும் சேருமிடம் ஒரே வீடுதான். இருந்தும் பாதைக்கு அவ்வளவு கவனம் கொடுத்தார்கள்.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் திரிகையையும் நினைத்துப் பாருங்கள். திரிகையின் கைப்பிடி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் கையின் இடப்பெயர்ச்சி பூச்சியம். ஆனால் மாவு விழுந்தது. கையும் காய்த்துப் போனது. உதவிக்கு ஓர் ஆள் கேட்டு அவர்கள் தம் தந்தையிடம் போனபோது, நபி (ஸல்) அவர்கள் அன்றிரவே மகளின் வீட்டுக்கு வந்தார்கள். படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படி கற்றுக்கொடுத்து, இது வேலையாளைவிடச் சிறந்தது என்றும் சொன்னார்கள். மகளின் களைப்பை இல்லாத ஒன்றாக அவர்கள் கருதவில்லை.

பூச்சியம் எந்தக் கேள்விக்கு விடை?

பௌதிகவியலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. ‘தொடக்கத்திலிருந்து முடிவு எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் இருக்கிறது?’ என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடப்பெயர்ச்சி விடை சொல்கிறது. ‘எவ்வளவு உழைத்தாய்?’ என்று அதனிடம் கேட்கக்கூடாது. கண்டிக்குப் போய் வந்த பஸ்ஸின் இடப்பெயர்ச்சி பூச்சியம் என்பதற்காக அது எரித்த டீசல் திரும்பி வருமா? தேய்ந்த டயர் வளருமா? மலை ஏறுவதில் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை உயரத்தை மட்டும் பொறுத்தது. ஆனால் உராய்வில் போகும் சக்தி ஓடிய பாதை முழுவதையும் பொறுத்தது. பாதை நீள நீள அதுவும் கூடும்.

எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். விடியற்காலையில் லயத்திலிருந்து மலைக்கு ஏறுகிறார்கள். கூடையைச் சுமந்து நிரை நிரையாக நடக்கிறார்கள். நிறுவைக்கு இறங்கி மறுபடி ஏறுகிறார்கள். பொழுது சாயும்போது அதே லயத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். தராசு கொழுந்தின் கிலோவைக் காட்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும். நடந்த நடையை எந்தப் பதிவுப் புத்தகமும் எழுதுவதில்லை.

நம் வீடுகளிலும் அப்படித்தான். அடுப்படிக்கும் பீலிக்கும் இடையே, நோயாளியின் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடையே, பாடசாலைக்கும் கடைக்கும் இடையே எத்தனை தடவை நடக்கிறீர்கள்? இரவில் படுப்பது காலையில் எழும்பிய அதே பாயில். வீட்டுக்கு வரும் ஆண், கழுவிய கோப்பை இருந்த இடத்தில் இருப்பதைப் பார்க்கிறார். மடித்த உடுப்பு இருந்த இடத்தில் இருப்பதைப் பார்க்கிறார். ஒன்றும் இடம் மாறவில்லை. “நாள் முழுக்க வீட்டில் சும்மாதானே இருந்தாய்?” என்கிறார். இடப்பெயர்ச்சியைப் பார்த்துவிட்டுத் தூரத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறார். அந்தக் கோப்பை இருந்த இடத்திலேயே இருப்பதற்காக அன்று அது எத்தனை தடவை எடுக்கப்பட்டுக் கழுவப்பட்டுத் திரும்ப வைக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று விடை சொன்னார்கள். வீட்டுக்குள் நடக்கும் தூரத்தை அறிய அதில் சிறிது நாமும் நடந்து பார்ப்பதைவிட வேறு அளவுகோல் இல்லை.

திசையும் வேண்டும்

அப்படியானால் இடப்பெயர்ச்சி தேவையற்றதா? இல்லை. அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சட்டத்துக்கு வாருங்கள். போகுமிடம் இல்லாமல் அலைபவருக்கு எவ்வளவு தூரம் அலைந்தாலும் சலுகை இல்லை. நமது அமல்களை நாமே ஒருமுறை அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். சென்ற ரமழானில் இருந்த கோபம் இந்த ரமழானிலும் அதே அளவில் இருக்கிறதா? அன்று பேசாமல் இருந்த சொந்தத்தோடு இன்றும் பேச்சு இல்லையா? முப்பது நோன்பும் பிடித்தோம், தராவீஹும் தொழுதோம். ஆனால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோமா?

இந்தக் கேள்வியை ஒருவர் தன்னைப் பார்த்து மட்டுமே கேட்க வேண்டும். அடுத்தவரைப் பார்த்துக் கேட்டால் அது தீர்ப்பாகிவிடும். அடுத்தவர் எங்கே இருந்து புறப்பட்டார், எத்தனை வளைவு ஏறி வந்தார் என்பது நமக்குத் தெரியாது. பிள்ளைகளின் பெறுபேறுகளைப் பார்க்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாள் பிள்ளை நின்ற இடத்தை மட்டுமே காட்டுகிறது. அது நடந்து வந்த வழியைப் பெற்றவர்தான் கண்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாய் அடுப்படியில் இருந்தார். மகளிடம் சொன்னேன்: “மகள், நீ சொன்ன கணக்குச் சரி. ஆனால் பூச்சியம் என்று சொல்லும்போது எதற்குப் பூச்சியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் உம்மா கண்டிக்குப் போய் வந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம். தூரம் நூறு கிலோமீற்றர். அந்த நூறும் எழுதப்படுகிறது.”

உள்ளே இருந்து தாயின் குரல் கேட்டது. “ஹஸ்ரத், நாலு லுஹர் களாச் செஞ்சிட்டேன். இன்னும் ஏழு இருக்கு.”

எட்டு வைக்கும் ஒவ்வொரு தூரத்தையும் ஏற்றுக்கொண்டு, எட்ட வேண்டிய இடத்துக்கு நம் அனைவரையும் அல்லாஹ் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.